மருத்துவத்துக்கு நாலு இடம்தான்: பிரிட்டனில் டாக்டருக்குப் படிப்பது பற்றி உங்கள் கேள்விகள்

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பது பற்றிப் போன இதழில் இரண்டு வரிதான் எழுதினேன், அதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பாதிப் பேர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் மகள் இயர் 12 (பிளஸ் ஒன் மாதிரி) படிக்கிறாள். ஜி.சி.எஸ்.இ.யில் (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு, 9தான் உச்சம்) ஒன்பதும் எட்டுமாக வாங்கியவள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல், யூ.சி.எல். ஆகிய நாலையும்தான் போட வேண்டும், வேறெங்கும் போகக் கூடாது என்று அவள் அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். என்ன செய்வது? (ஒரு தாய், ஹாரோ)

பதில்: அவரிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா. இளநிலைப் படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. ஏதாவது ஒன்றுதான். ஆக அவருடைய பட்டியல் இப்போதே மூன்றாகிவிட்டது, சண்டையில் கால்வாசி முடிந்தது.

மிச்சத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் பல்கலைகளுக்கெல்லாம் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் மருத்துவத்துக்கு நாலுதான். இந்த நாலை ஊர்ப் பெருமையை வைத்து நிரப்பிவிட்டு, நல்ல மதிப்பெண் இருந்தும் ஒரு நேர்காணல்கூட வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகப் பிள்ளைகளை வடிகட்டுகிறது, அதை ஒளித்தும் வைப்பதில்லை. யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்பதை பிரிஸ்டல், யூகேட் என்கிற மருத்துவ நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே முடிவு செய்துவந்திருக்கிறது. கார்டிஃப் ஜி.சி.எஸ்.இ. மதிப்பெண்ணுக்குப் புள்ளி போட்டுக் கூட்டிப் பார்க்கும். இன்னும் சில இடங்களில் யூகேட்டுக்கு ஒரு கோடு கிழித்துவிட்டு, அதைத் தாண்டியவர்களை மற்ற விஷயங்களை வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு ஜி.சி.எஸ்.இ. பிரமாதம், யூகேட் சுமார் என்று வந்தால் அவள் போட வேண்டிய இடம் வேறு. யூகேட் பிரமாதமாக வந்துவிட்டால் வேறு. யூகேட் மதிப்பெண் தேர்வு எழுதிய அன்றைக்கே கையில் கிடைத்துவிடும், விண்ணப்பத்தின் கடைசி நாளோ அக்டோபர் 15. நடுவில் இருக்கும் அந்த நாட்கள் எதற்கு என்றால், மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நாலு இடத்தை முடிவு செய்யத்தான். எல்லாக் கல்லூரிகளின் தகுதி விவரங்களையும் மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில் ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறது. அதையும் அந்தந்தப் பல்கலையின் பக்கத்தையும் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து படிக்கட்டும். ஒவ்வொரு ஆண்டும் மாற்றுவார்கள் என்பதால், பக்கத்து வீட்டு அண்ணா மூன்று வருடம் முன்னால் சொன்னதை வைத்து ஓட்ட வேண்டாம்.

அப்புறம் அந்தப் பெயர் விவகாரம். எங்கே படித்தாலும் பதிவு செய்வது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் என்ற ஒரே இடத்தில்தான். இப்போது எல்லா மாணவர்களும் எம்.எல்.ஏ. என்கிற பொதுவான உரிமத் தேர்வைத் தேறித்தான் வெளியே வர வேண்டும். பட்டம் வாங்கியபின் முதல் இரண்டு ஆண்டு வேலையான ஃபவுண்டேஷன் பயிற்சிக்கு முன்பெல்லாம் புள்ளிக் கணக்கு உண்டு. 2024 முதல் அதுவும் போய், விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தால் கணினி குலுக்கிப் போட்டு இடம் தருகிறது. அந்தக் குலுக்கலுக்கு கேம்பிரிட்ஜும் தெரியாது, கீல் பல்கலையும் தெரியாது. எங்கே படித்தீர்கள் என்று நோயாளிகள் கேட்பார்களா என்றால், என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நம் கல்யாண வீடுகளில்தான் கேட்கிறார்கள்.

பெயரைவிடப் படிப்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் அறிவியல்தான், வார்டில் நிஜமாகக் கால் வைப்பது அதற்குப் பிறகு. மான்செஸ்டரில் சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் கதையிலிருந்து பாடத்தைத் தேடிப் படிப்பார்கள். இம்பீரியலும் யூ.சி.எல்.லும் ஆறு ஆண்டு, நடுவில் ஒரு பி.எஸ்சி. பட்டமும் சேர்த்து. தன்பாட்டில் படிக்கிற பிள்ளையா, யாராவது வகுப்பில் ஒழுங்காகச் சொல்லித்தந்தால்தான் ஏறுகிற பிள்ளையா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசைக்கு ஒரு இடம் இம்பீரியலோ கேம்பிரிட்ஜோ இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற மூன்றும் அவள் மதிப்பெண்ணுக்குப் பொருந்தட்டும்.

ஐந்தாவது இடத்தைக் காலியாகவும் விடலாம், பயோமெடிக்கல் சயின்ஸ் போல வேறொன்றைப் போட்டும் வைக்கலாம். போட்டால் மருத்துவத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீர்கள். ஒரு பல்கலை முடிவு செய்யும் கட்டத்தில் நீங்கள் போட்டிருக்கும் மற்ற பல்கலைகளின் பெயர் அதற்குத் தெரியாது.

கேள்வி: யூகேட்டுக்கு எப்போது படிக்கத் தொடங்க வேண்டும்? கோச்சிங் சேரச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள், பல நூறு பவுண்டு கேட்கிறார்கள். (மாணவர், லெஸ்டர்)

பதில்: தம்பி, யூகேட்டுக்குப் 'படிக்க' ஒன்றும் இல்லை, பழக வேண்டும். மொழி, முடிவெடுத்தல், எண்கணக்கு என்று மூன்று பகுதி, நாலாவதாக மருத்துவச் சூழலில் எது சரியான நடத்தை என்று கேட்கும் பகுதி. வடிவங்களைப் பார்த்து ஒற்றுமை கண்டுபிடிக்கும் பகுதியை 2025இல் எடுத்துவிட்டார்கள், அதனால் அண்ணன் அக்காவின் பழைய புத்தகத்தை வாங்கினால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடு. முன்பு மொத்தம் 3,600க்கு இருந்தது, இப்போது 900 முதல் 2,700 வரை. பழைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டு யாராவது உன்னைப் பயமுறுத்தினால் சிரித்துவிட்டுப் போ. பீமேட் என்ற தேர்வும் இப்போது கிடையாது. முன்பு அதைக் கேட்ட ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல் எல்லாம் யூகேட்டுக்கு வந்துவிட்டன.

கஷ்டம் எங்கே என்றால் நேரத்தில். மொழிப் பகுதியில் 44 கேள்வி, 22 நிமிடம். கேள்விக்கு அரை நிமிடம், அந்த அரை நிமிடத்துக்குள் பத்தியையும் படிக்க வேண்டும். முழுப் பத்தியையும் முதல் வரியிலிருந்து வாசிக்கிறவன் பாதியில் நின்றுபோவான். கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அது பத்தியில் எங்கே இருக்கிறது என்று கண்ணை ஓடவிட வேண்டும், அந்த இரண்டு வரியை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். எண்கணக்குப் பகுதியில் திரையில் ஒரு கால்குலேட்டர் வரும். அதை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டிருந்தால் நேரம் போயே போயிற்று, விசைப்பலகையின் வலது பக்கத்து எண் விசைகளில் விரல் பழகியிருக்க வேண்டும். வீட்டில் மடிக்கணினியில் அந்த விசைகள் இல்லை என்றால் தனியாக ஒன்று வாங்கிச் செருகிக்கொள், கோச்சிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் அது துளிகூட இல்லை. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதே. தெரியாததை எதையாவது குறித்துவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்குத் திரையில் கொடி அடையாளம் போட்டு அடுத்ததற்குப் போ.

யூகேட் அமைப்பே முழு நீள மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அதிலிருந்து தொடங்கு. தேர்வு ஜூலையிலிருந்து செப்டம்பர் கடைசிவரை நடக்கும், ஒரு ஆண்டில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும், அந்த மதிப்பெண் அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு மட்டும்தான் செல்லும். ஆறிலிருந்து எட்டு வாரம், தினம் ஒன்றிரண்டு மணி நேரம் ஒழுங்காகப் பழகினால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும் என்பது என் கருத்து. ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளைப் பதிவு செய். அன்று காய்ச்சல் என்றால் போய் உட்காராதே, தேதியை மாற்றிக்கொள். எழுத உட்கார்ந்துவிட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீயே ஒப்புக்கொண்டதாக அர்த்தம், பிறகு சாக்குச் சொன்னால் எடுபடாது. வீட்டில் வருமானம் குறைவு என்றால் தேர்வுக் கட்டணத்துக்கே உதவித்தொகை உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுவிடு. கோச்சிங்? பணம் மிதமிஞ்சி இருந்தால் சேரலாம். கடன் வாங்கிச் சேர வேண்டாம்.

கேள்வி: எங்கட குடும்பத்தில ஒரு டாக்டரும் இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் அப்பாவின்ட ஆஸ்பத்திரியில நின்று வேலை அனுபவம் எடுக்கினம். எனக்கு அம்மம்மாவை ஜி.பி.யிட்டக் கூட்டிக்கொண்டு போறது மட்டும்தான் அனுபவம். பெர்சனல் ஸ்டேட்மெண்ட்டில, அதான் விண்ணப்பத்தோட என்னைப் பற்றி எழுதுறதில, என்னத்தை எழுதுறது? (மாணவி, டூட்டிங்)

பதில்: அம்மம்மாவைத்தான் எழுத வேண்டும் மகளே.

நீ ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரின் அறையில் நடுவில் உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று யோசித்துப் பார். அம்மம்மா "நெஞ்சுக்க ஒரு மாதிரி எரியுது" என்கிறார். அதை எரிச்சல் என்று சொல்வதா, வலி என்று சொல்வதா? நீ எந்தச் சொல்லைப் போடுகிறாயோ அதை வைத்து டாக்டர் வயிற்றுப் பக்கம் போகலாம் அல்லது இதயப் பக்கம் போகலாம். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று உன் காதில் மெல்லச் சொல்லிவிட்டு, அதை டாக்டரிடம் சொல்லாதே என்று அம்மம்மா கண்ணைக் காட்டுவார். இல்லையா? சிறுநீர், மலம் பற்றிய கேள்வி வந்தால் பேத்தி முன்னால் எப்படிச் சொல்வது என்று வாயே திறக்க மாட்டார். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்ப்பதைத் தவிர்த்து, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்வது இதனால்தான். இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்தில் நீ என்ன செய்தாய், அதில் எது உனக்குச் சங்கடமாக இருந்தது, அந்தரங்கம் பற்றியும் சம்மதம் பற்றியும் என்ன புரிந்தது என்று எட்டு வரி எழுதினால், வார்டில் ஒரு வாரம் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளை எழுதும் ஒரு பக்கத்தைவிட அது கனமாக இருக்கும். கல்லூரிகள் தேடுவது எத்தனை நாள் எங்கே நின்றாய் என்பதை இல்லை, நின்ற இடத்தில் என்ன கவனித்தாய் என்பதைத்தான். அம்மம்மாவின் பெயர், நோய் விவரம் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிடாதே. நோயாளியின் ரகசியம் காப்பது அங்கேயே தொடங்குகிறது.

அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள். முதியோர் இல்லத்தில் வாரம் ஒரு மாலை தன்னார்வமாகப் போ, சாப்பாடு ஊட்டுவது, பேச்சுத்துணை, எதுவானாலும் சரி. சில மாதம் விடாமல் போனால் எழுதுவதற்குத் தானாகவே விஷயம் சேரும். பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மெடிக்கல் ஸ்கூல் இணையத்தில் இலவசமாக ஒரு வேலை அனுபவத் திட்டம் நடத்துகிறது. ராயல் காலேஜ் ஆஃப் ஜி.பி.ஸ் தரும் 'அப்சர்வ் ஜி.பி.' என்ற காணொளித் திட்டமும் உண்டு. வீட்டில் டாக்டர் இல்லாத பிள்ளைகளுக்கு இவை பெரிய உதவி.

எழுதும் முறை மாறிவிட்டது, தெரியுமா? 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை கிடையாது. ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உன்னைத் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது எதற்குப் பயன் என்று மூன்று கேள்வி. மொத்தம் 4,000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் 350ஆவது வேண்டும். ஏ.ஐ.யிடம் சொல்லி எழுதி வாங்கி ஒட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே. இது என் சொந்த எழுத்து என்று யூகாஸில் நீ உறுதி கொடுக்க வேண்டும், வேறு விண்ணப்பங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவர்களிடம் தனி ஏற்பாடே இருக்கிறது. "சின்ன வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்பது என் கனவு" என்ற வரியை எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடு.

உன் பள்ளியும் முகவரியும் எந்த வகையில் வருகின்றன என்பதையும் ஆசிரியரிடம் கேட்டுப் பார். வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் குறைந்த மதிப்பெண்ணில் இடம் தரும் ஏற்பாடும், ஒரு ஆண்டு கூடுதலாகச் சேர்த்துப் படிக்க வைக்கும் கேட்வே படிப்புகளும் உண்டு. உனக்குப் பொருந்தலாம்.

கேள்வி: என் மனைவி என்.எச்.எஸ். நர்ஸ், ஸ்கில்டு ஒர்க்கர் விசா. நானும் மகனும் டிபென்டென்ட். மகன் இங்கேதான் பள்ளியில் படிக்கிறான், 2 ஆண்டில் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பான். இங்கே வரி கட்டுகிறோம், உள்ளூர்க் கட்டணம்தானே? (வாசகர், லீட்ஸ்)

பதில்: 'தானே' என்று நினைத்துக்கொண்டு பலர் கடைசி நேரத்தில் அதிர்ந்துபோகிறார்கள் சார், அதனால் விரிவாகவே சொல்கிறேன். வரி கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கிலாந்தில் பொதுவான விதி, படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் அன்று மகனுக்கு நிரந்தர வதிவுரிமையோ குடியுரிமையோ இருக்க வேண்டும், அதற்கு முன் மூன்று ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். டிபென்டென்ட் விசாவோடு இருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டணம்தான். உள்ளூர்க் கட்டணம் 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டாக இருந்தது, அதுவும் கடனாகக் கிடைக்கும், ஐந்தாம் ஆண்டிலிருந்து கட்டணத்தை என்.எச்.எஸ். பர்சரி என்ற உதவித்தொகை ஏற்றுக்கொள்ளும். வெளிநாட்டுக் கட்டணம் என்றால் பல கல்லூரிகளில் ஆண்டுக்கு 40,000 பவுண்டையும் தாண்டி எங்கெங்கோ போகிறது.

ஒரு வழி பலருக்குத் தெரிவதில்லை. நீண்டகால வாசம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 18 வயது ஆகாதவர் என்றால் தொடர்ந்து 7 ஆண்டு, 18 ஆனவர் என்றால் தன் வாழ்நாளில் பாதி இங்கே வாழ்ந்திருந்தால், கடைசி மூன்று ஆண்டு சட்டப்படியான விசாவோடு இருந்திருந்தால், நிரந்தர வதிவுரிமை இல்லாமலே உள்ளூர் மாணவராகக் கருதப்பட வாய்ப்புண்டு. மகன் எட்டு வயதில் வந்திருந்தால் கதை வேறு, பதின்மூன்றில் வந்திருந்தால் வேறு. அவன் வந்து இறங்கிய தேதியையும் படிப்பு தொடங்கும் தேதியையும் இன்றைக்கே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் யூகிசா (UKCISA) என்ற அமைப்பு இந்த விதிகளைத் தெளிவாக விளக்குகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து விதிகள் தனித்தனி.

நிரந்தர வதிவுரிமைக்கு ஐந்து ஆண்டு போதும் என்ற கணக்கை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அதைப் பொதுவாகப் பத்தாக்கும் யோசனையை அரசு 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் முன்வைத்தது. உங்கள் குடும்பத்துக்கு எந்த விதி என்று ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கட்டணத்தோடு பிரச்சினை முடிவதில்லை என்பது இன்னொன்று: வெளிநாட்டுக் கட்டண மாணவருக்கு இடங்களும் குறைவு, சில கல்லூரிகள் எடுப்பதே இல்லை. அதனால் நாலு இடத்தைத் தேர்வதற்கு முன்னாலேயே இது முடிவாகியிருக்க வேண்டும்.

கேள்வி: மகன் திருச்சியில் சி.பி.எஸ்.இ. பிளஸ் ஒன். நீட்டில் தனியார் கல்லூரிக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட லண்டனில் படிக்க வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆகுமா? (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: பணத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. கட்டணம் மட்டும் ஐந்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் பவுண்டைத் தாண்டும், லண்டனில் வாடகையும் சாப்பாடும் தனி. விசாவோடு மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு, விசா காலம் முழுவதுக்கும் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். ரூபாயில் நீங்களே பெருக்கிப் பாருங்கள், நான் பெருக்கினால் பயமுறுத்துவதாக நினைப்பீர்கள். இளநிலை மருத்துவத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகை மிக மிக அரிது.

இடமும் அப்படித்தான். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை அரசு கட்டுப்படுத்துகிறது, இங்கிலாந்தில் அது நீண்டகாலமாகச் சுமார் 7.5 சதவீதம். ஆக்ஸ்ஃபோர்டில் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 14 பேர். அதற்குள் சிங்கப்பூர், ஹாங்காங் பிள்ளைகளெல்லாம் இருக்கிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணைச் சில பல்கலைகள் அப்படியே ஏற்கும், தொண்ணூறுக்கு மேல் கேட்கும். சில ஏற்கவே ஏற்காது, ஏ லெவலோ ஐ.பி.யோ (பிரிட்டிஷ், சர்வதேசப் பள்ளி இறுதிப் படிப்புகள்) வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு பல்கலையின் இந்தியப் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். 7 அல்லது 7.5, யூகேட், வேதியியல், உயிரியல், எல்லாமும் வேண்டும்.

முக்கியமான ஒன்று: நீட்டிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்து அனுப்பாதீர்கள். இந்தியாவில் பிற்பாடு டாக்டராகப் பதிவு செய்ய வேண்டும் என்றால், வெளிநாடு போகிறவரும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் போட்ட விதிகளில் 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி என்றெல்லாம் இருக்கிறது. பிரிட்டனிலோ பட்டம் வாங்கிய பிறகு வரும் ஃபவுண்டேஷன் ஆண்டு சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை, கல்லூரிப் படிப்பின் பகுதி இல்லை. அங்கேயே இருந்துவிடுவதாக இருந்தால் இது உங்களைத் தொடாது. திரும்பி வரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அந்த விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். முகவர்கள் இதை வாயால் சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால், வசதி தாராளமாக இருந்து, பையனுக்கு அங்கேயே வாழ விருப்பம் இருந்தால் மட்டும் முயலுங்கள். தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு மாற்று என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

கேள்வி: நிறக்குருடு இருந்தால் மருத்துவம் படிக்க விடுவார்களா? (மாணவர், குரோய்டன்)

பதில்: விடுவார்கள். பிரிட்டனில் அது தடை இல்லை. சேர்ந்தபின் உடல்நலப் பிரிவில் சொல்லிவிடு.

கேள்வி: எனக்கு எம்.எம்.ஐ. நேர்காணல் வந்திருக்கிறது. கைகால் நடுங்குகிறது. என்ன கேட்பார்கள்? (மாணவி, கார்டிஃப்)

பதில்: வாழ்த்துகள் மா! எம்.எம்.ஐ. என்றால் ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் உட்காருவது கிடையாது. ஐந்தோ எட்டோ பத்தோ குட்டி மேடைகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்த அறை. ஒன்றில் சொதப்பினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டாலே பாதி நடுக்கம் போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் வேறு மாதிரி, அங்கே பேராசிரியர்கள் அறிவியல் கேள்வி போட்டு உன் மூளை ஓடுவதைப் பார்ப்பார்கள்.

நான் பிள்ளைகளைப் பழக்கும்போது வைக்கும் ஒரு மேடையைச் சொல்கிறேன். கதவைத் திறந்தால் ஒரு நடிகை உட்கார்ந்திருக்கிறார். அவர் அம்மாவின் அறுவைச் சிகிச்சை மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போயிருக்கிறது, கோபத்தில் இருக்கிறார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உள்ளே போனதும் காத்திருப்போர் பட்டியல் ஏன் நீளம், ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்று என்.எச்.எஸ்.ஸுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார்கள். அவர் குரல் இன்னும் ஏறும். இன்னொரு பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மூன்று தடவையா? அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். நடிகை அழத் தொடங்குவார், பிறகு பேசுவார். மதிப்பெண் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தன்னால் தர முடியாத வாக்குறுதியைத் தராமல் இருப்பதற்கும் மதிப்பெண் உண்டு. "நாளைக்கே ஆபரேஷன் நடக்கும்படி செய்கிறேன்" என்று சொல்லிவிடாதே.

மற்றபடி நோயாளி ரகசியம், சம்மதம், சக மாணவன் குடித்துவிட்டு வார்டுக்கு வந்தால் என்ன செய்வாய், இப்படிப்பட்டவை வரும். ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் 'குட் மெடிக்கல் பிராக்டிஸ்' வழிகாட்டியை ஒரு தடவை நிதானமாக வாசி, அதுதான் அடிப்படை. "ஏன் நர்ஸ் வேண்டாம், டாக்டர்தான் வேண்டும்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அங்கே நர்ஸ் வேலையை மட்டம் தட்டிப் பேசுகிற பிள்ளைகள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறார்கள். "அம்மா அப்பாவின் ஆசை" என்பதும் பதில் ஆகாது, நம் வீடுகளில் அதுதான் உண்மை என்றாலும். பதில்களை மனப்பாடம் செய்யாதே. மனப்பாடம் செய்தது குரலிலேயே தெரிந்துவிடும். வீட்டில் சித்தப்பாவையும் மாமியையும் கோபக்கார நோயாளியாக நடிக்கச் சொல்லிப் பழகு, அவர்களுக்குப் பயிற்சியே தேவைப்படாது.

கேள்வி: நாலு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடலாமா? (ஒரு தாய், பர்மிங்ஹாம்)

பதில்: அவசரப்படாதீர்கள் அக்கா. முதல் தடவை கிடைக்காமல் மறு ஆண்டு நுழைந்தவர்கள் மருத்துவக் கல்லூரிகளில் ஏராளம். எங்கே தடுக்கியது என்று பாருங்கள். நேர்காணலே வரவில்லை என்றால் யூகேட்டோ இடத் தேர்வோ தப்பு, நேர்காணல் வந்து போயிருந்தால் பேச்சுப் பழக்கம் போதவில்லை. கேட்டால் சில கல்லூரிகள் எங்கே குறைந்தது என்று எழுதியே தருகின்றன. ஆகஸ்டில் வரும் ஏ லெவல் மதிப்பெண் கையில் உறுதியாக இருந்தால், அடுத்த ஆண்டு பள்ளி கணித்துத் தரும் மதிப்பெண்ணோடு அவன் நிற்க வேண்டியதில்லை, அது ஒரு பலம். யூகேட்டை மட்டும் மறுபடி எழுதியே ஆக வேண்டும். ஏ லெவலில் குறைந்துபோய்த் திரும்ப எழுதுவதாக இருந்தால், அதைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஆண்டில் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ உதவியாளராக வேலைக்குச் சேரட்டும். சம்பளமும் வரும், இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்பதும் அவனுக்கே தெரியும். பிடிக்கவில்லை என்று வந்து சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். இப்போதைக்கு ஒரு வாரம் யாரும் அவனிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம், சொந்தக்காரர்கள் போன் உட்பட.

கேள்வி: அக்டோபர் 15 என்றால் அன்று இரவு வரைக்குமா? இந்திய நேரமா, லண்டன் நேரமா? (வாசகி, கோவை)

பதில்: லண்டன் நேரம் மாலை 6 மணி. அப்போது கோவையில் இரவு 10.30. ஆனால் அந்த மணியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விண்ணப்பத்தோடு ஆசிரியரின் பரிந்துரையும் கணித்த மதிப்பெண்ணும் போக வேண்டும், அதற்கு பிரிட்டன் பள்ளிகளே செப்டம்பரில் தங்களுக்கென்று ஒரு கடைசி நாள் வைத்துக்கொள்கின்றன. உங்கள் பள்ளியில் யூகாஸ் என்றால் என்ன என்றே தெரியாமல் இருக்கலாம், தலைமை ஆசிரியரிடம் ஜூலையிலேயே போய் உட்கார்ந்து விளக்குங்கள். பரிந்துரை எழுதுபவருக்குப் பள்ளியின் மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும், ஜிமெயில் முகவரி கொடுத்தால் சந்தேகப்படுவார்கள்.